கண்ணாடியில் வளர்ந்த தோல்

நவராத்திரி வாணி விழாவின் கடைசி நாள் காலையில் பத்மாவதி அக்கா சந்தனக் கிண்ணத்தோடு ஆய்வுகூட வாசலில் வந்து நின்றபோது, நான் அவரைக் கடித்துக் குதறாத குறை. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று நெல்லியடியில் எங்கள் வீட்டு ஆட்கள் முதல் இங்கே கேற்றில் நிற்கும் காவலாளி வரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்தது பயம். பயம் வந்தாலும் அது என்னிடமிருந்து கோபமாகத்தான் வெளியே வரும்.

“மிஸ், எல்லா மெசினுக்கும் பொட்டு வைச்சாச்சு. உங்கடை இந்தப் பெரிசுக்கு மட்டும்தான் வைக்கேல்லை. கண்ணாடியிலை படாமல் ஒரு சொட்டுச் சந்தனம்” என்றார். அலுவலகத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவர் அவர். கோப்பாயில் தன் வளவில் பூத்த பூவையெல்லாம் ஆய்ந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, வருடாவருடம் வாணி விழாவைத் தானே தலையில் போட்டுக்கொண்டு நடத்துவார்.

“அக்கா, உதுக்குக் கிட்டை வந்தியளெண்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். போங்கோ.”

“சரஸ்வதிக்குக் காட்டாத மெசின் வருசம் முழுக்க ஒழுங்கா வேலை செய்யாது, சொல்லிப்போட்டன்.”

“அது இப்பவே வேலை செய்யேல்லை” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

பார்ப்பதற்கு அந்த மெசின் ஒரு பெரிய ரைஸ் குக்கர் மாதிரி இருக்கும். உள்ளே உடற்சூட்டில் ஒரு கண்ணாடித் தட்டு. தட்டின் அடியிலிருந்து மெல்லிய ஒளி மேலே போய், தட்டில் பட்டுத் திரும்பி வரும். தட்டின்மேல் உயிருள்ள கலங்கள் ஒட்டியிருந்தால் (உயிரணுக்களைத்தான் நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே கலம் என்கிறோம்), அவற்றுக்குள் ஏதாவது அசையும்போது திரும்பி வரும் ஒளியின் நிறம் இம்மியளவு மாறும். கண்ணுக்கு அது தெரியாது, மெசினுக்குத் தெரியும். அந்த இம்மியை அது திரையில் ஒரு கோடாக, அந்தந்தக் கணத்திலேயே வரைந்துகொண்டு போகும். சாயம் போட வேண்டாம், குத்த வேண்டாம், தொடவே வேண்டாம். கலம் தன்பாட்டில் வாழும், நாங்கள் வெளியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். வெறும் ஒளியைக் கொண்டு உயிரைப் பார்ப்பது என்பதை எத்தனை தரம் விளங்கப்படுத்தினாலும், எனக்கே அது முழுதாக விளங்கிவிட்டதென்று சொல்லமாட்டேன்.

அன்றைக்குத் தட்டில் இருந்தது சப்னாவின் தோல்.

சப்னாவுக்கு ஒன்பது வயது. குசினி அடுப்பில் சட்டை தீப்பற்றி, நெஞ்சும் வயிறும் கைகளும் கழுத்தும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர் ஜெறோம், அவளுடைய தொடையிலும் முதுகிலும் நல்ல தோல் என்று இருந்ததையெல்லாம் சீவியெடுத்து மற்ற இடங்களை மூடிவிட்டார். கழுத்து மட்டும் மிஞ்சியது. எடுக்க இனித் தோல் இல்லை. கழுத்தை அப்படியே விட்டால் புண் ஆறும்போது சுருங்கி, நாடியை (முகவாயை) நெஞ்சோடு இழுத்துவிடும். பிள்ளை காலம் முழுக்க நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அதனால் கொழும்பில் அனுமதி வாங்கி, அவளுடைய காதுக்குப் பின்னால் இருந்து பயறளவு தோலை எடுத்து, எங்கள் கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்கு வளர்த்தெடுத்தோம். அன்று மத்தியானம் அதை அவளுடைய கழுத்தில் வைப்பதாக ஏற்பாடு.

முந்தின நாள் பின்னேரம் இடியோடு மழை பெய்து கரண்ட் போனது. ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துவிட்டது. விடியக் கரண்ட் வந்து நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தட்டு குளிர்ந்து கிடந்தது. சூடு மெல்ல ஏறியது. கோடு மட்டும் அசையாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

நேரான கோட்டைக் கண்டு உடனே அழத் தேவையில்லை. சும்மா இருக்கிற கலங்களும் நேர்கோடுதான் போடும். தூரத்திலிருந்து பார்த்தால் நித்திரை கொள்கிறவரும் செத்தவரும் ஒன்றுபோலத்தானே தெரிவார்கள். கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். கலங்களைக் கூப்பிட ஒரு மருந்து உண்டு. ஒரு துளி விட்டால் உயிருள்ள தோல் உள்ளுக்குள் சிலிர்த்துக்கொள்ளும், கோடு எழும்பும். ஆனால் அது உறைந்தபடி இருக்க வேண்டிய மருந்து. கரண்ட் போனதில் அதுவும் உருகிக் கிடந்தது. உருகினால் பாவிக்க வேண்டாம் என்று புட்டியிலேயே எழுதியிருந்தது. வேறு வழியில்லாமல் ஒரு துளி விட்டேன். கோடு அசையவில்லை.

செத்தது தோலா, மருந்தா? எனக்குத் தெரியவில்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். புதிதாகச் செத்த கலமும் உயிருள்ள கலமும் அதில் ஒன்றுபோலத்தான் இருக்கும். நீலச் சாயம் போட்டால் தெரிந்துவிடும், ஆனால் சாயம் போட்ட தோலைப் பிள்ளைக்கு வைக்கேலாது; ஓரத்தில் துணுக்கு வெட்டிப் பார்க்கவும் ஏலாது, முழுப் படலமும் சுருங்கிப்போகும். புது மருந்து கொழும்பிலிருந்து வர நாளாகும்.

டொக்டர் ஜெறோமுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“செத்த தோலை வைச்சால் கீழை சீழ் கட்டும், சுவர்ணா. இருக்கிற புண்ணும் பழுதாப் போகும். புண்ணை நாள்கணக்கிலை திறந்து வைச்சுக்கொண்டும் இருக்கேலாது. உயிரோடை இருக்கெண்டு நீர் சொன்னால் வைப்பன். தெரியாதெண்டால் வைக்கமாட்டன்.”

“வைக்காட்டில்?”

“பிறகு அந்தக் கழுத்து சுருங்கும். மத்தியானத்துக்குள்ளை சொல்லும்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சுஹறா நிற்கிறார். சப்னாவின் தாய். போர்க்காலத்தில் மற்ற முஸ்லிம்களோடு கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்தைவிட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, பிள்ளை பிறந்த பிறகு இங்கே சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்தவர். வளர்த்த தோலை ஒருநாள் வந்து பார்க்கலாம் என்று நானே முன்னர் சொல்லியிருந்தேன். அவர் அதற்கு இந்த நாளைத் தெரிவுசெய்திருந்தார்.

“வாட்டில இருக்கேலாமக் கிடக்கு, மிஸ். மகள்ட முகத்தப் பாத்தா அழுகை வருது. நான் அழுதா அவவும் அழுவா. அதான் இஞ்ச வந்திட்டன்.”

பொய் சொல்ல எனக்கு வராது. கரண்ட் போனதையும் கோடு அசையாததையும் உள்ளபடி சொன்னேன். அவர் மெசினின் சின்னக் கண்ணாடி ஜன்னலுக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். ஆறின பாலின் ஆடை மாதிரி, நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லாமல், அது அங்கே கிடந்தது.

“இதுக்கு நோகுமா, மிஸ்?”

“நோகிறதுக்கு நரம்பு வேணும். இதிலை நரம்பு இல்லை.”

“அப்ப இதுக்கு ஒண்டுமே தெரியாதா?”

“தெரியாது” என்றேன். எவ்வளவு பெரிய மடைத்தனமான பதில்!

மத்தியானம் நெருங்கிக்கொண்டு வந்தது. நான் செய்யக்கூடியதெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். சூட்டைச் சரிபார்த்தேன், ஒளியைச் சரிபார்த்தேன், கலங்கள் ஊறிக் கிடக்கும் ஊட்டநீரை மாற்றினேன். கோடு எனக்கு முகம் கொடுக்கவில்லை. கடைசியில் ஜெறோமுக்கு முடிவைச் சொல்ல வேண்டியிருந்தது, ஆனால் தாய்க்கு முன்னால் சொல்ல மனம் வரவில்லை. சுஹறாவைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு சைக்கிள் கொட்டிலடிக்குப் போனேன். போன அவசரத்தில் கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

“சொல்லும், சுவர்ணா” என்றார் ஜெறோம்.

வைக்க வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அந்தப் பிள்ளையின் கழுத்துக்கு நான் தீர்ப்பெழுதினதாகிவிடும். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து சுஹறா “மிஸ்! மிஸ்!” என்று கத்தினார். பிறகு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஓடும்போதே கற்பூர வாசம் மூக்கில் அடித்தது. ஆய்வுகூட வாசலில் பத்மாவதி அக்கா நிற்கிறார். கையில் பித்தளைத் தட்டு, தட்டில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிகிறது. கொஞ்சநஞ்சமல்ல, கோயில் தேருக்குக் காட்டுவது போல ஒரு குவியல். பாதிக் கதவு திறந்து கிடக்க, புகை முழுக்க உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“என்ன அக்கா செய்யிறியள்!”

“நான் உள்ளை போகேல்லை. உள்ளை வரவேண்டாமெண்டுதானே சொன்னியள். வாசலிலை நிண்டுதான் காட்டினன்.”

எனக்கு வாயில் வந்ததெல்லாம் வரிசைகட்டி நின்றது. அதற்குள் சுஹறா வந்து என் கையைப் பிடித்தார். சால்வை நுனியால் வாயைப் பொத்தியிருந்தார்.

“மிஸ், எங்கட ஆக்கள்ல மையித்தக் குளிப்பாட்டித்தான் கற்பூரம் போடுற. இந்த வாசம் ஏன் இஞ்ச வருது? அது மௌத்தாப் போச்சா? சொல்லுங்க மிஸ், மௌத்தாப் போச்சா?”

அவருக்கு அது செத்த உடம்பின் வாசம். அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்தலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் திரையைப் பார்த்தேன்.

கோடு ஏறிக்கொண்டிருந்தது.

விடியற்காலையிலிருந்து நேராகக் கிடந்த கோடு தலையைத் தூக்கி, மெல்ல மெல்ல, நிற்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது. முதலில் நான் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம். புகை கண்ணாடியில் படிந்திருக்கலாம், எரிந்த சூடு மெசினை ஏமாற்றியிருக்கலாம் என்று நினைத்தேன். அந்தத் தட்டின் ஒரு ஓரத்தில் தோல் வளராத வெறுங்கண்ணாடி கொஞ்சம் உண்டு. அதற்கும் தனியாக ஒரு கோடு அதே திரையில் ஓடும். புகையோ சூடோ காரணமென்றால் அந்தக் கோடும் ஏறியிருக்க வேண்டும். பார்த்தேன். வெறுங்கண்ணாடியின் கோடு வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது. தோலின் கோடு மட்டும் ஏறியது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

மெசினுக்குள் அறைக்காற்றை இழுத்துவிடும் சின்ன விசிறி ஒன்று உண்டு. அதன் வாயில் வடிகட்டி இருக்கிறது. வடிகட்டி கிருமியை மறிக்கும், வாசத்தை மறிக்காது. கற்பூரம் அதன் வழியே போய், ஊட்டநீரில் கரைந்து, அந்தப் பாலாடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மனிதத் தோலின் கலங்களில் சூட்டுக்குத் திறக்கிற ஒரு கதவு உண்டு. இளஞ்சூடு பட்டால் அது திறக்கும். கற்பூரம் பட்டாலும் அதே கதவுதான் திறக்கும். இதை நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். மூக்கில்லை, மூளையில்லை, நரம்பில்லை, பிள்ளையே கூட இல்லை. பிள்ளை இரண்டு மைல்கட்டை தூரத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். அவளைவிட்டுப் பிரிந்து தனியே ஒரு கண்ணாடியில் கிடக்கிற அவளுடைய தோல், பக்கத்தில் யாரோ கற்பூரம் கொளுத்துகிறார்கள் என்று அறிந்துகொண்டுவிட்டது. அறிந்ததை ஒளியிடம் சொல்லியும் விட்டது.

“மிஸ்?” என்றார் சுஹறா.

“பொறுங்கோ. இன்னும் ஒண்டும் கேக்காதேங்கோ.”

ஒருதரம் நடந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஜன்னல்களையெல்லாம் திறந்தேன், மின்விசிறியை முழு வேகத்தில் போட்டேன், ஊட்டநீரை மாற்றினேன். வாசம் போகப் போகக் கோடு இறங்கி, களைத்துப்போன ஆள் மாதிரிப் பழைய இடத்தில் வந்து இருந்தது. பிறகு வாசலுக்குப் போனேன். பத்மாவதி அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, இன்னொருக்கால் கொளுத்துங்கோ.”

“இப்பதானே என்னைத் திண்ணிற மாதிரிப் பாத்தியள்.”

“தாயே, உங்கடை காலிலை விழுறன், கொளுத்துங்கோ. முதல் கொளுத்தின அளவு கொளுத்துங்கோ. உள்ளுக்கே வாங்கோ.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து, மெசினுக்கு முன்னால், கோயிலில் நிற்கிற பக்தியோடு கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டைச் சுற்றினார். நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

கோடு தலையைத் தூக்கியது.

“உயிரோடை இருக்கு” என்றேன். “சுஹறா, உங்கடை பிள்ளையின்ரை தோல் உயிரோடை இருக்கு. உந்தக் கற்பூரம் அதுக்குத் தெரியுது. நான் தெரியாதெண்டு சொன்னது பிழை.”

“சுப்ஹானல்லாஹ்” என்றார் சுஹறா. சத்தமாக இல்லை, மூச்சோடு மூச்சாக.

“அம்மாளாச்சி” என்றார் பத்மாவதி அக்கா.

எனக்கு அழுகைதான் வந்தது. அழுதேன். இவ்வளவு காலமும் எத்தனையோ கோடுகளைப் பார்த்திருக்கிறேன், எண்ணி எழுதியிருக்கிறேன், சலித்துக் கொட்டாவி விட்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இப்படி ஒன்று விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நினைக்க நினைக்கத் தலை சுற்றியது.

“பாத்தியளோ? சரஸ்வதிக்குக் காட்டின உடனை மெசின் வேலை செய்யுது” என்றார் பத்மாவதி அக்கா.

“ஓம் அக்கா” என்றேன். வேறு நாளென்றால் ஒரு மணித்தியாலம் வாதாடியிருப்பேன்.

ஜெறோமுக்குப் போன் எடுத்தேன்.

“உயிரோடை இருக்கு, டொக்டர். ரெண்டு தரம் கூப்பிட்டன், ரெண்டு தரமும் பதில் சொல்லிச்சுது. வெறுங்கண்ணாடி அசையேல்லை.”

“மருந்து பழுதெண்டல்லோ சொன்னனீர்? என்னத்தைக் குடுத்தனீர்?”

“கற்பூரம்.”

“நீர் காலமை சாப்பிட்டனீரோ?” என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடிந்ததும், “கோட்டை எனக்கு அனுப்பும்” என்றார். அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாகனத்தில் அவரே வந்து இறங்கினார்.

நன்றாகக் கழுவி, கற்பூரம் மிச்சமில்லாமல் ஊட்டநீரை மாற்றிய பிறகு, தோலை ஓரத்திலிருந்து மெல்லப் பெயர்த்தோம். எண்ணெய்த் துணி போன்ற ஒரு படலத்தில் அதை ஒற்றியெடுத்து ஜெறோம் பெட்டிக்குள் வைத்தார். எல்லோரும் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுஹறா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஸ்! கோடு விழுந்திட்டுது!” என்று அலறினார்.

திரும்பிப் பார்த்தேன். தோலின் கோடு தொப்பென்று விழுந்து, வெறுங்கண்ணாடியின் கோட்டோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. இரண்டும் ஒன்றாகிவிட்டன.

“பயப்பிடாதேங்கோ. அது செத்துப்போகேல்லை. இப்ப அது இஞ்சை இல்லை, பிள்ளையிட்டைப் போகுது” என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு செருப்பைக்கூடச் சரியாகக் கொளுவாமல் ஜெறோமுக்குப் பின்னால் ஓடினார்.

கழுத்துக் கட்டு அவிழ்க்கிற அன்றைக்கு என்னையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எந்த மெசினும் இல்லாமல், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், கட்டிலின் காலடியில் போய் நின்றேன். சப்னா தலையணையில்லாமல் மல்லாந்து, நாடியைத் தூக்கி, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஜெறோம் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து, ஒவ்வொரு படையாக உரித்தார். சுஹறாவின் உதடு ஓதிக்கொண்டே இருந்தது.

கடைசித் துணி வந்தது. கழுத்தில், இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் வரை, மினுமினுவென்று ஒரு மெல்லிய தோல். ஜெறோம் கையுறை போட்ட விரலால் மெல்ல அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடம் வெளிறியது. பிறகு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே, ரோசா நிறம் திரும்பி வந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவருடைய கண்ணும் நனைந்திருந்தது.

“டொக்டர், நான் ஒருக்காத் தொட்டுப் பாக்கலாமா?” என்று சுஹறா கேட்டார்.

அவருக்கும் ஒரு கையுறை கொடுத்தார்கள். அவர் குனிந்து, ஒற்றை விரலை, பட்டும் படாமலும், புதுத் தோலின்மேல் வைத்தார். சப்னாவால் தன் கழுத்தைப் பார்க்க முடியாது. கூரையில் ஓடுகிற பல்லியைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுத் தோலுக்கு அடியிலிருக்கிற சதைதான் அந்த விரலை உணர்ந்தது, தோலில் நரம்பு வர இன்னும் மாதங்கள் எடுக்கும் என்று ஜெறோம் பிறகு விளங்கப்படுத்தினார். எனக்கு அதெல்லாம் தெரியும். கண்ணைக் கூரையிலிருந்து எடுக்காமலே அந்தப் பிள்ளை கேட்டாள்:

“உம்மா, ஏன் உங்கட விரல் நடுங்குது?”